பேசி முடித்தால் லைனை விடணும்

தட்கல் டிக்கெட் எடுக்கக் காலை 11 மணிக்கு உட்கார்ந்தால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "சர்வர் பிஸி, பெரிய மெஷினா வாங்கிப் போட வேண்டியதுதானே" என்று அலுத்துக்கொள்கிறோம். தர்மபுரியில் ட்ரங்க் போர்டில் உட்கார்ந்து வேலை பார்த்து, இன்று பென்ஷன் வாங்குகிற எனக்கு வேறு கருத்து உண்டு. எடுத்த லைனைத் திருப்பி விட்டார்களா என்பதுதான் முதல் கேள்வி.

நம் வயதுக்காரர்களுக்கு ட்ரங்க் கால் தெரியும். ஊரில் எத்தனை போன் இருந்தாலும் சேலத்துக்குப் போகிற லைன் சிலதுதான். முறை வந்ததும் ப்ளக்கைச் செருகுவோம். பேசி முடித்து ரிசீவரை வைத்தால் போர்டில் விளக்கு எரியும். உடனே ப்ளக்கை உருவிவிடுவோம். உருவாவிட்டால், யாரும் பேசாமலே லைன் அடைபட்டுக் கிடக்கும்.

இணையதளத்திலும் இதே கதைதான். பின்னால் டேட்டாபேஸ் என்ற பெரிய பதிவேடு இருக்கிறது. அதில் ஒன்றைப் பார்க்கவோ எழுதவோ மென்பொருளுக்கு ஒரு லைன் வேண்டும். அதற்கும் அளவு உண்டு. நாமாக மாற்றாதவரை போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் 100, மைஎஸ்க்யூஎல்லில் 151. கூட்டிக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு லைனும் மெமரியைத் தின்னும்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக லைன் போட்டு அறுப்பது நேர விரயம். அதனால் சில லைன்களை முன்கூட்டியே போட்டு வைத்து, கேட்கும்போது கொடுத்து, வேலை முடிந்ததும் வாங்கி வைக்கிறார்கள். இதற்கு 'பூல்' என்று பெயர். நடுவில் பிழை வந்தாலும் லைன் திரும்பி வரும்படி எழுத வேண்டும். வேலை நல்லபடியாக முடிந்தால் மட்டும் திரும்பும் என்று எழுதிவிட்டால், ஒவ்வொன்றாகத் தொலைந்து சாயங்காலத்துக்குள் எல்லாம் நின்றுபோகும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும். மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி.

இன்னொன்று: நாம் ஓடிபி தேடுகிற இரண்டு நிமிடமும் லைனைப் பிடித்து வைத்திருக்கக் கூடாது.

2014-ல் ஐஆர்சிடிசி புது அமைப்பைக் கொண்டுவந்தபோது நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 ஆனது. ஒரே நேரத்தில் 1,20,000 பேர் உள்ளே இருக்கலாம் என்றார்கள். அத்தனை பேருக்கும் தலைக்கொரு டேட்டாபேஸ் லைன் கொடுத்து எந்தத் தளத்தையும் நடத்த முடியாது, தேவையும் இல்லை. திரையைப் படித்துக்கொண்டிருப்பவருக்கு லைன் எதற்கு?

மெஷினுக்குச் செலவழிக்கும் முன் இந்த ஒழுங்கைப் பாருங்கள் என்பதே அரசுத் தளங்களை நடத்துகிறவர்களிடம் என் கோரிக்கை. லைன் நிறைந்துவிட்டால் வட்டத்தைச் சுற்றவிடாமல், "உங்களுக்கு முன்னால் இத்தனை பேர்" என்று சொல்லுங்கள். ட்ரங்க் புக் செய்தவருக்கு அந்த மரியாதை இருந்தது. பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சான்றிதழுக்காக பஸ் ஏறி இ-சேவை மையத்துக்கு வருகிறவருக்கு, "சர்வர் இல்ல, நாளைக்கு வாங்க" என்ற பதில் ஒரு நாள் கூலி நஷ்டம்.