கூலன்ட் எங்கேதான் போகிறது?

மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வரும் திரவம் குறைகிறது என்றால், எங்கேயோ ஓரிடத்தில் அது வெளியே போகிறது. இதைப் புரிந்துகொள்ள யாரும் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இதை ஒரு சர்வீஸ் சென்டரில் இருப்பவர்கள் வாயால் ஒப்புக்கொள்ள வைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை எங்கே போய்ச் சொல்வது!

சர்வீஸுக்கு விடும்வரை காரில் ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பானெட்டைத் திறந்து ரிசர்வ் டேங்கைப் பார்ப்பது எனக்குப் பழக்கம். வாங்கிய நாளிலிருந்து அந்த மட்டம் மேல்கோட்டை ஒட்டியே நின்றது. வழக்கமான சர்வீஸ்தான். ஆயில், ஃபில்டர், பிரேக் சுத்தம். கிலோமீட்டர் கணக்குப்படி கூலன்ட்டையும் மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றினார்கள், பில்லில் தனி வரியாகப் போட்டு வாங்கியும் கொண்டார்கள். வண்டி வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே மட்டம் கீழ்க்கோட்டுக்கு இறங்கிவிட்டது.

கூலன்ட் மாற்றிய பிறகு ஒருமுறை மட்டம் இறங்குவது இயல்புதான். புதிதாக ஊற்றும்போது என்ஜினின் சந்துபொந்துகளிலும் ஹீட்டர் குழாயிலும் காற்று சிக்கிக்கொள்ளும். வண்டி ஓடச் சூடாகி அந்தக் காற்று மேலே வந்து வெளியேறும். அது விட்ட இடத்தைக் கூலன்ட் நிரப்பும். அதனால்தான், ஊற்றி முடித்ததும் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் திறந்து ரேடியேட்டர் ஃபேன் சுற்றி நிற்கும்வரை என்ஜினை ஓடவிட்டு, காற்றை வெளியேற்றி, ஆறிய பிறகு மீண்டும் மட்டம் பார்க்க வேண்டும். பொறுமையாகச் செய்தால் அரை மணிக்கு மேல் ஆகும். வாசலில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில் அந்த அரை மணியை யார் தருவார்கள்? சரி, காற்றுதான் போலிருக்கிறது என்று அதே வகைக் கூலன்ட் வாங்கி மேல்கோடுவரை ஊற்றினேன். மறுபடியும் இறங்கியது. ஒருமுறை இறங்கினால் காற்று. மறுபடி மறுபடி இறங்கினால் ஒழுக்கு. இதில் விவாதத்துக்கு இடமே இல்லை.

ஆனால் சர்வீஸ் அட்வைசர் விவாதித்தார். "இதெல்லாம் நார்மல்தான் சார். நம்ம ஊரு வெயிலுக்குக் கொஞ்சம் ஆவியாப் போகும்."

ஆவியாகப் போவதற்கு இது என்ன திறந்த அண்டாவா? ரேடியேட்டர் மூடியை எடுத்துப் பாருங்கள். பல கார்களில் அதன் மேலேயே 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும். அது அழுத்தத்தின் அளவு. அந்த அளவு வரும்வரை மூடி எதையும் வெளியே விடாது. அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். 100 டிகிரியில் கொதிக்கும் வெறும் தண்ணீர்கூட அந்த மூடிக்குள் ஏறக்குறைய 120 டிகிரிவரை தாங்கும். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் அதற்கும் மேலே தாங்கும். சூட்டில் விரிவது ரிசர்வ் டேங்குக்குப் போய், ஆறும்போது திரும்ப உள்ளே வரும். திருச்சியின் சித்திரை வெயிலையும் கணக்கில் வைத்துத்தானே இதை வடிவமைத்திருக்கிறார்கள்? போன சித்திரையில் ஆவியாகாதது இந்தச் சித்திரையில் மட்டும், அதுவும் அவர்கள் கை வைத்த பிறகு மட்டும், எப்படி ஆவியாகும்?

அடுத்து ஓர் அறிவுரை: "குறைஞ்சா தண்ணி ஊத்திக்கோங்க சார், ஒண்ணும் ஆகாது." எந்தத் தண்ணீர் என்றுகூடச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் போர் தண்ணீர்தான். பாத்திரத்தில் காய்ச்சினாலே வெள்ளையாக உப்பு படியும். அது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் போனால் சும்மா இருக்குமா? நம் ஊரில் பனி உறையாது, பிறகு கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொதிநிலையை ஏற்றுவது அதன் ஒரு வேலை. என்ஜினின் அலுமினியத்தையும் இரும்பையும் அரிக்காமல் காப்பது இன்னொன்று. ஊற்ற ஊற்றத் தண்ணீர்ப் பங்கு கூடி அந்தக் காப்பு நீர்த்துப் போகும். கூலன்ட்டை விற்றவர்களே அதில் தண்ணீர் ஊற்றச் சொன்னால் நான் எங்கே போவது?

ஒழுகுகிறதா பாருங்கள் என்று வற்புறுத்திய பிறகு பார்த்தார்கள். அவர்கள் பார்த்த விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஓடி வந்த சூட்டோடு பானெட்டைத் திறந்து, செல்போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்துவிட்டு, குனிந்து தரையையும் பார்த்துவிட்டு, "லீக் எதுவும் இல்ல சார்" என்றார்கள். தரையில் சொட்டு விழவில்லை என்பதால் ஒழுக்கு இல்லை என்று ஆகிவிடுமா? சூடான உலோகத்தின் மேல் சிறிது சிறிதாகக் கசிந்தால் அங்கேயே காய்ந்துவிடும். நிறமான பொருக்கு மட்டும் மிஞ்சும். இப்போது வரும் பல கார்களின் அடியில் பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று மாட்டியிருக்கிறார்கள். விழும் சொட்டெல்லாம் அதில் தங்கிவிடும். ஹீட்டரின் உள்ளே கசிந்தால் முன்சீட்டுக் கால்மிதிக்குக் கீழே ஈரம் கோக்கும், உள்ளே ஒரு தித்திப்பு வாடை அடிக்கும். இவற்றில் ஒன்றையும் அவர்கள் தொட்டுப் பார்க்கவில்லை.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க ஒரு கருவி இருக்கிறது. அபூர்வமானதும் இல்லை. சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு கைப்பம்ப், அதன் மேல் ஓர் அழுத்தமானி. ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் அதை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுவரை காற்றடித்துவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். முள் நின்றால் நல்லது, இறங்கினால் ஒழுக்கு. "அதை மாட்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "தேவைப்பட்டா பாப்போம் சார்." வேறு எப்போதுதான் தேவைப்படும்?

நான் விடவில்லை என்று தெரிந்ததும் பேச்சு தலைகீழாக மாறியது. "ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம் சார். என்ஜினை இறக்கித்தான் பாக்கணும்" என்று ஓர் எஸ்டிமேட்டை நீட்டினார்கள். அதில் வாட்டர் பம்ப்பும் சேர்ந்திருந்தது. நேற்றுவரை ஒன்றுமே இல்லை, இன்றைக்கு எல்லாமே போய்விட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சோதனைகூட நடக்கவில்லை. என் ஆதங்கம் முழுவதும் இந்த இடத்தில்தான். ஹெட் கேஸ்கெட் போனால் அது பல விதங்களில் காட்டிக்கொடுக்கும். சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை வரலாம், ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்தது போல் வெளுக்கலாம், என்ஜின் ஓடும்போது கூலன்ட்டில் குமிழி குமிழியாகக் கொப்பளிக்கலாம். எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறதா என்று பார்க்க நீல நிறத் திரவம் ஒன்று உண்டு. கலந்திருந்தால் மஞ்சளாக மாறும். சில நிமிட வேலை. அதைச் செய்யாமலே என்ஜினைப் பிரிக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள். காரைப் பற்றி அவ்வளவாகத் தெரியாத ஒருவர், பயந்துபோய் அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். எத்தனை பேர் போட்டிருப்பார்களோ என்று நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் போவதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன். வத்தலகுண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கினால் இரண்டாம் கியரில், ஏசியும் ஓட, என்ஜின் மூச்சு முட்டும் பாதை. கூலன்ட் எங்கே போகிறது என்று தெரியாத வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அந்த வளைவுகளில் எப்படிப் போவது? பயணத்தை நிறுத்தினேன். இப்போது பல கார்களில் வெப்பம் காட்டும் முள்ளையே எடுத்துவிட்டார்கள். சூடு எல்லை தாண்டினால் சிவப்பு விளக்கு ஒன்று எரியும், அவ்வளவுதான். மட்டம் ரொம்ப இறங்கிவிட்டால் சென்சார் கூலன்ட்டில் மூழ்காமல் நீராவியில் நிற்கும். அப்போது அது காட்டுகிற அளவையும் நம்ப முடியாது. விளக்கு எரிவதற்குள் அலுமினிய ஹெட் வளைந்துபோயிருக்கலாம். அப்புறம் அவர்கள் நீட்டிய எஸ்டிமேட் நிஜமாகவே தேவைப்பட்டிருக்கும்.

கடைசியில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "சர்வீஸ்ல எதைக் கழட்டுனாங்க?" என்றுதான் முதலில் கேட்டார். சர்வீஸுக்கு முன் இல்லாத குறை சர்வீஸுக்குப் பின் வந்தால், கழற்றி மாட்டிய இடத்திலிருந்துதானே தேட வேண்டும்? "ராத்திரி வண்டி இங்கயே நிக்கட்டும் தம்பி. நல்லா ஆறுன பொறவுதான் பாக்கணும்" என்றார்.

காலையில் அடித்தடுப்பைக் கழற்றினார். அதன் மேல் இளஞ்சிவப்பாய்க் காய்ந்த கறை திட்டுத் திட்டாக இருந்தது. கைப்பம்ப்பை மாட்டி அழுத்தம் ஏற்றினார். ரேடியேட்டரின் கீழ்க் குழாயில், கிளிப்புக்குப் பக்கத்தில், ஒரு துளி திரண்டு வழிந்தது. கூலன்ட்டை வடிக்க அந்தக் குழாயைக் கழற்றியிருக்கிறார்கள். திரும்ப மாட்டும்போது கிளிப்பைப் பழைய தடத்தில் உட்கார வைக்காமல், குழாயின் விளிம்போரமாக விட்டுவிட்டார்கள். வண்டி சூடாகும்போது ரப்பரும் உலோகமும் விரிந்து ஓரளவு அடைத்துக்கொள்ளும். ஆறிச் சுருங்கும்போது கசியும். சூட்டோடு எட்டிப் பார்த்தவர்கள் கண்ணில் படாததற்கு அதுதான் காரணம். புதுக் கிளிப்பு ஒன்றைச் சரியான இடத்தில் மாட்டி, காற்றெடுத்து, மறுபடி அழுத்தம் ஏற்றி, முள் அசையாமல் நிற்பதை என்னையும் பார்க்கச் சொன்னார். "தடுப்புல தேங்குனத நல்லாக் கழுவிட்டேன். தித்திப்பா இருக்கும்னு நாய் நக்கிரும், செத்துப்போகும்" என்று சொல்லிக்கொண்டே கை துடைத்தார். அன்றிலிருந்து மட்டம் மேல்கோட்டிலேயே நிற்கிறது.

படங்களோடு சர்வீஸ் சென்டருக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன். அடுத்த சர்வீஸில் தள்ளுபடி தருகிறோம் என்று பதில் வந்தது. தள்ளுபடியை வைத்து நான் என்ன செய்ய? கூலன்ட் மாற்றும் ஒவ்வொரு வண்டிக்கும், காற்றெடுத்தோம், இந்த அழுத்தத்தில் இத்தனை நிமிடம் நிறுத்திப் பார்த்தோம், முள் இறங்கவில்லை என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டேன். சோதனை செய்யாமல் ஹெட் கேஸ்கெட் என்று எஸ்டிமேட் போட்டது யார், எதை வைத்துப் போட்டார் என்றும் கேட்டேன். இரண்டுக்கும் பதில் வரவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்குச் சேவைக் குறைபாடு என்று பெயர். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லாமல் மனுப் போடலாம். இரண்டு வருட அவகாசமும் இருக்கிறது. பில், ஜாப் கார்டு, எஸ்டிமேட், காய்ந்த கறையின் படம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். இந்த மாதக் கடைசிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் மனு போகும்.