மார்க் போடுபவருக்கும் சுருதி சேரணும்

பிள்ளைகளின் கிரேடு எக்ஸாமுக்கு முன்னாடி பியானோ ட்யூனரைக் கூப்பிடுறோம். அவரும் சுமார் 230 தந்திகளைத் தட்டித் தட்டிச் சேர்த்துட்டுப் போறார். வேலை நல்லா இருக்கா என்று நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? அதனால்தான் சான்றிதழைப் பார்க்கிறோம். சரி, அந்தச் சான்றிதழுக்கு மார்க் போட்டவர் சரியாகப் போட்டார் என்று எப்படி நம்புவது?

அமெரிக்காவில் பியானோ சுருதி சேர்க்க அரசு லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. 1957-ல் உருவான பியானோ டெக்னீஷியன்ஸ் கில்டு என்ற சங்கம்தான் எழுத்து, பழுதுபார்ப்பு, ட்யூனிங் என மூன்று தேர்வுகள் வைத்துச் சான்றளிக்கிறது.

ட்யூனிங் தேர்வு நடக்கும் விதம் சுவாரஸ்யமானது. முதலில் அனுபவசாலிகள் சிலர் சேர்ந்து, தேர்வு நடக்கப்போகும் அதே பியானோவைச் சுருதி சேர்ப்பாங்க. ஒருத்தர் காது போதாது. எல்லோரும் கேட்டு ஒத்துக்கொள்ளணும். அதை ஒவ்வொரு கட்டையாக அளந்து பதிவு செய்வாங்க. இதுதான் 'மாஸ்டர் ட்யூனிங்'. ஏன் அதே பியானோ? தந்திகளின் விறைப்பு பியானோவுக்குப் பியானோ மாறும். அதற்கேற்ப நல்ல சுருதியும் கொஞ்சம் மாறும். பிறகு வேண்டுமென்றே சுருதியைக் கலைத்துவிட்டு, தேர்வுக்கு வந்தவரைச் சேர்க்கச் சொல்வாங்க. மாஸ்டரிலிருந்து எவ்வளவு விலகியிருக்கு என்பதை 'சென்ட்' கணக்கில் அளப்பாங்க. அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட். தேற 80 சதவீதம் வேணும்.

மெஷின்தானே அளக்குது, அப்புறம் தேர்வாளருக்குப் பயிற்சி எதுக்கு? மெஷின் 'தப்பு' என்று காட்டிய இடங்களைத் தேர்வாளர்கள் காதாலும் கேட்டுச் சரிபார்க்கணும். பழுதுபார்ப்புத் தேர்வில் கண்ணும் கையும்தான் தீர்ப்பு சொல்லணும். சுத்தியலின் காம்பை மாற்றி ஒட்டிய வேலையைப் பார்த்து ஒருவர் 'பரவாயில்லை' என்பார். இன்னொருவர் மார்க்கைக் குறைப்பார். இரண்டு பேரும் நேர்மையானவங்கதான். ஆனால் எந்த ஊரில், யாரிடம் தேர்வு எழுதினோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறினால், அந்தச் சான்றிதழுக்கு மதிப்பில்லை. நல்ல டெக்னீஷியனாக இருப்பது வேறு, நல்ல தேர்வாளராக இருப்பது வேறு. அதனால் இரண்டாவதையும் தனியாகக் கத்துக்கணும்.

இதை நான் இங்கே எழுத ஒரு காரணம் உண்டு. நம்ம தமிழ்ப் பள்ளிகளில் வாய்மொழித் தேர்வுக்கும் பேச்சுப் போட்டிக்கும் மார்க் போடுவது நாம்தான், பெற்றோர்கள்தான். "நாங்க பேசிக்கிட்டு இருந்தோம்" என்று ஒரு பிள்ளை சொல்லுது. "நாங்கள் கதைச்சுக்கொண்டு இருந்தனாங்கள்" என்று இன்னொரு பிள்ளை சொல்லுது. ரெண்டும் அவங்கவங்க வீட்டுத் தமிழ். நடுவருக்குப் பழக்கமில்லாத தமிழ் என்பதால் ஒரு பிள்ளைக்கு மார்க் குறைஞ்சா, அது 'நம்ம வீட்டில் பேசுவது தப்பு' என்று எடுத்துக்கும். அப்புறம் அம்மம்மாவிடம் பேசவே கூச்சப்படும்.

இதைத் தவிர்க்கப் பெரிய செலவு வேண்டாம். போட்டிக்கு ஒரு வாரம் முன்னாடி, போன வருஷம் பதிவு செய்த மூன்று பேச்சுகளை எல்லா நடுவர்களும் தனித்தனியாகக் கேட்டு மார்க் போடுங்க. பிறகு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஒருத்தர் 9, இன்னொருத்தர் 5 போட்டிருந்தால், ஏன் என்று பேசுங்க. உச்சரிப்புக்கு எவ்வளவு, கருத்துக்கு எவ்வளவு, வட்டார வழக்கை எப்படி எடுத்துக்கிறது என்று அப்போதே முடிவு பண்ணி எழுதி வையுங்க. மேடையில் குழந்தை ஏறிய பிறகு அதைப் பேச நேரம் இருக்காது.