வடிவமோ மரபு?

இற்றைநாளில் விற்கப்படும் ட்றயம்ப் 'பொனவில்' மோட்டார்ச் சைக்கிளைக் கூர்ந்து நோக்குவார் ஒரு புதுமை காண்பர். பழைய கார்புரேற்றர் இருந்த இடத்தில் அதே தோற்றமுடைய ஓர் உறுப்பு உளது. ஆனால் அது கார்புரேற்றர் அன்று. மின்னணுப் பொறியின் ஏவலால் எரிபொருளைப் பீச்சும் கருவி அவ்வுருவத்துள் மறைந்திருக்கின்றது. சிலிண்டரைச் சூழக் காற்றாற் குளிர்தற்குரிய தகடுகள் உள. எனினும், 2016ஆம் ஆண்டு மாதிரிகள் தொட்டு, முன்புறக் குழாய்களிடையே ஒதுங்கி நிற்கும் றேடியேற்றரும் அதனுட் பாயும் நீருமே குளிரூட்டும் தொழிலைப் பெரிதும் ஏற்றுள்ளன. பழமை போர்வையாகவும் புதுமை உடலாகவும் அமைந்த இவ்வண்டி, மரபு என்பது யாது என்னும் வினாவை எழுப்புகின்றது.

பழைய வண்டியின் வரலாற்றை முதற்கண் நோக்குவாம். எட்வேட் ரேணர் வகுத்த இரட்டைச் சிலிண்டர் இயந்திரம் 1937இல் வெளிவந்தது. அவ்வழி வந்த பொனவில் 1959இல் விற்பனைக்கு வந்தது. அதன்பால் அழகும் விரைவும் இருந்தன, குறையும் இருந்தது. இயந்திரத்தின் அடிப்பெட்டி நிலைக்குத்தாகப் பிளந்த இரு பாதிகளால் ஆயதாகலின், பொருத்துவாய் வழியே எண்ணெய் கசியலாயிற்று. 1969இல் யப்பானிய ஹொண்டா நிறுவனம், நான்கு சிலிண்டரும் மின்தொடக்கியும் முன்சில்லில் டிஸ்க் பிறேக்கும் கொண்ட 750 சி.சி. வண்டியை விற்பனைக்கு விட்டது. ஆங்கில ஆலையதிபரோ பழைய பொறிகளையே பற்றி நின்றனர். மெரிடன் தொழிற்சாலையை மூட முனைந்தபோது, 1973இல் தொழிலாளர் அதனைத் தம்வயப்படுத்தினர். பின்னர்க் கூட்டுறவாக நடத்தியும் 1983இல் அது மூடப்பட்டது. அவ்வாண்டிலேயே ஜோன் புளோர் என்பார் அப்பெயரை வாங்கி, ஹிங்க்லியில் புதிய தொழிற்சாலை எழுப்பினார்.

ஆலைகள் மாண்டன, பெயர்கள் மாண்டில. றெடிச் நகரிற் பிறந்த றோயல் என்பீல்ட் பிறந்தகத்தில் அற்றுப்போக, 1955இல் சென்னையில் நிறுவப்பட்ட கிளை திருவொற்றியூரில் வேரூன்றி 'புல்லட்' வண்டியை விடாது ஆக்கிற்று. நோர்ட்டன் நிறுவனத்தை 2020இல் தமிழகத்து டி.வி.எஸ். நிறுவனம் 1 கோடியே 60 இலட்சம் பவுணுக்கு வாங்கியது. பி.எஸ்.ஏ. என்னும் பெயர் இந்திய மகிந்திரா குழுமத்தின் வழி 2021இல் மீண்டும் வெளிப்பட்டது. ட்றயம்ப் நிறுவனமும் தன் உற்பத்தியின் பெரும்பகுதியைத் தாய்லாந்துக்கு மாற்றுவதாக 2020இல் அறிவித்தது. ஆகவே, 'ஆங்கிலேய வண்டி' என்பது இன்று ஓர் இடத்தின் பெயர் அன்று. ஒரு வடிவத்தின் பெயர் என்க.

இனி, உடையோரை நோக்குவாம். ஆணி ஒன்றும் மாறலாகாது என்பார் ஒரு சாரார். தம் விருப்பிற்கேற்ப மாற்றுவார் மற்றொரு சாரார். முன்னையோர் மரபைக் காப்பவர் என்றும் பின்னையோர் அழிப்பவர் என்றும் கூறுவது எளிது. அது முற்றும் உண்மையன்று. 1950களிலும் 1960களிலும் ஆங்கில இளைஞர், வளைவுகளில் நிலைபெயராத நோர்ட்டன் சட்டகத்தில் விரைவு மிக்க ட்றயம்ப் இயந்திரத்தைப் பொருத்தி 'ட்றைட்டன்' எனப் பெயரிட்டனர். எந்த ஆலையும் ஆக்காத அவ்வண்டி இன்று பழம்பொருளாகப் போற்றப்படுகின்றது. மாற்றுதலும் மரபே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எனினும் ஓர் எல்லை உண்டு. அன்று அவ்வண்டிகள் மலிந்திருந்தன, இன்று அருகின. தீப்பொறி எழுப்பும் பழைய உறுப்பை நீக்கி மின்னணுக் கருவி பூட்டுபவர், நீக்கியதைப் பேணிவைப்பாராயின், பின்வருவோர் அதனை மீண்டும் பொருத்தலாம். சட்டகத்தை அறுப்பவர் மீளாக் கேடு செய்கின்றார். மாற்றுக, மீட்கத்தக்கவாறு மாற்றுக என்பதே நாம் கொள்ளத்தக்க விதி. புதிய வண்டி வாங்குவோர் புகையையும் ஒலியையும் அடக்கும் குழாயைக் கழற்றி எறிந்து, அம்முழக்கத்தையே பழமை என்பர். அது மரபன்று, அயலார்க்கு இன்னல்.

தம் வண்டி பழுதுற்றபோது அதன் உள்ளமைப்பை அறிந்து திருத்தும் கையும் அறிவுமே மரபாகும். மெரிடன் தொழிலாளரிடத்து அவை இருந்தன; திருவொற்றியூர்த் தொழிலாளர் அவற்றைக் கற்றனர். வடிவத்தை விலைக்கு வாங்கலாம். அவ்வறிவைக் கற்றே பெறுதல் வேண்டும்.