எல்லோரும் மொண்டு குடிக்கிற ஜக்கில் மதுவைக் கலக்காதீர்கள்



பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் 40 நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே, இன்றைக்கு ஒரு 5 நிமிடம் உட்காருங்கள்.

நம் குடும்பக் குழுவில் நேற்று ஒரு வீடியோ வந்தது. பெரிய கண்ணாடி ஜக். அதில் ஆரஞ்சுச் சாறு, எலுமிச்சை வில்லை, புதினா, ஐஸ்கட்டி. கடைசியில் ஒரு முழு பாட்டில் வோட்காவைக் கவிழ்க்கிறார்கள். "லீவுக்கு எல்லோரும் திருக்கடையூர் வரும்போது இதுதான் ஸ்பெஷல்" என்று கீழே ஒரு வரி. அதற்குக் கைதட்டியவர்களில் பாதிப்பேர் என்னிடம் அஞ்சாம் வகுப்பு படித்தவர்கள். நான் கைதட்டவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. குடிக்கிறவர்களைத் திட்ட நான் வரவில்லை. நீங்களெல்லாம் பிள்ளை குட்டி பெற்றவர்கள். உங்கள் உடம்பு, உங்கள் பொறுப்பு. என் சண்டை அந்த ஜக்கோடுதான். விசேஷ வீட்டில் எல்லோரும் மொண்டு குடிக்கிற பாத்திரத்தில், எல்லோரும் குடிக்கக்கூடாத ஒன்றைக் கலக்கக் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் சொந்தத்தில் ஒரு அறுபதாம் கல்யாணம். அரையாண்டு விடுமுறை என்பதால் வெளியூர்ப் பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். முதல் நாள் இரவு மாடியில் இளவட்டங்கள் ஒரு ஜக்கில் இதே போலக் கலந்து வைத்திருக்கிறார்கள். வைத்தவர்கள் கீழே சாப்பிடப் போன நேரத்தில், ஓடிப்பிடித்து விளையாடிக் களைத்துப் போன ஏழு வயதுப் பேத்தி மாடிக்கு ஏறியிருக்கிறாள். ஆரஞ்சு ஜூஸ் என்று நினைத்துக் குடித்தாள். அரை டம்ளர்கூட இருக்காது. கொஞ்ச நேரத்தில் கண் சொருகி, வாந்தி எடுத்து, கூப்பிட்டால் பதில் இல்லை.

மருத்துவமனையில் டாக்டர் முதலில் குத்திப் பார்த்தது ரத்தத்தில் சர்க்கரை அளவை. சின்னப் பிள்ளைகளுக்கு மது உள்ளே போனால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடுமாம், அதுதான் பெரிய ஆபத்து என்றார். இரவு முழுக்கக் குளுக்கோஸ் ஏறியது. விடிந்தால் சஷ்டியப்த பூர்த்தி. அவளுடைய அம்மா ஈரப் புடவையோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பிழைத்தாள், இன்றைக்கு நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த ராத்திரியை நான் மறக்கமாட்டேன்.

கலந்தவன் கெட்டவன் இல்லை, தங்கமான பிள்ளை. தப்பு அந்தக் கலவையிலேயே இருக்கிறது. கசப்பையும் நெடியையும் சாறும் சர்க்கரையும் மறைத்துவிடும், அதற்காகத்தானே அவற்றைச் சேர்க்கிறோம்? பாட்டிலில் இருந்தால் குழந்தை முகர்ந்து பார்த்துவிட்டு முகம் சுளித்துப் போய்விடும். ஜக்கில் இருந்தால் இன்னொரு டம்ளர் கேட்கும்.

"டீச்சர், கொஞ்சமாகத்தான் ஊற்றுவோம்" என்கிறீர்கள். வாருங்கள், அஞ்சாங்கிளாஸ் கணக்கு ஒன்று போடுவோம். 2 லிட்டர் ஜக்கில் 750 மில்லி வோட்கா. 200 மில்லி டம்ளரில் எவ்வளவு வரும்? 75 மில்லி. நீங்கள் சொல்கிற லார்ஜ் பெக் 60 மில்லி. ஜூஸ் என்று மூன்று டம்ளர் குடித்தவர் 225 மில்லி குடித்திருக்கிறார், அவருக்கே அது தெரியாது. அவர்தான் ராத்திரியே கிளம்புகிறேன் என்று கார் சாவியைத் தேடுவார். பெக் கணக்கில் குடிப்பவனுக்காவது எண்ணிக்கை தெரியும்.

"ஜக் மேலே சீட்டு ஒட்டிவிடுவோம்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். தம்பி, நாலு வயசுப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது. கண்ணில் புரை விழுந்த அப்பத்தாவுக்கும் தெரியாது.

"இதெல்லாம் வெளிநாட்டு நாகரிகம், உங்களுக்குப் புரியாது" என்றும் ஒரு பேச்சு. இதன் பூர்வீகமே நம் நாட்டுப் பக்கம்தான். பெரிய கிண்ணத்தில் கலந்து எல்லோரும் மொண்டு குடிக்கும் 'பஞ்ச்' என்ற பானத்தை இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேய மாலுமிகள் 17-ஆம் நூற்றாண்டிலேயே குடித்தார்கள். நம் பக்கத்துத் தரங்கம்பாடிக்கு டேனிஷ்காரர்கள் வந்து இறங்கிய 1620-உம் அதே நூற்றாண்டுதான். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என ஐந்து சரக்கு சேர்ந்ததால், ஐந்தைக் குறிக்கும் 'பாஞ்ச்' என்ற இந்திச் சொல்லே பெயரானது என்பது பலரும் சொல்லும் விளக்கம். அந்த ஐந்தில் சாராயத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். நம் பானகம் மிச்சம் நிற்கும்! மாலுமிகள் மேசையில் பேரன் பேத்தி இல்லை. நம் வீட்டில் இருக்கிறார்கள்.

2023-இல் திருமண மண்டபங்களிலும் மது பரிமாறச் சிறப்பு உரிமம் தரலாம் என்று அரசு விதியைத் திருத்தியது. எதிர்ப்பு கிளம்பியதும் மண்டபங்களை அதிலிருந்து நீக்கியது. அன்றைக்கு "கல்யாண மண்டபத்திலா?" என்று பொங்கிப் பதிவு போட்டவர்கள் நீங்களும்தான். மண்டபத்தில் கூடாதது வீட்டு மாடியில் மட்டும் எப்படிச் சரியாகும்?

வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகமாட்டேன். 100 டம்ளர் பானகத்துக்குக் கணக்கு தருகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 15 லிட்டர். பாகு வெல்லம் இரண்டேகால் கிலோ, கொதிக்க வைக்காமல் தண்ணீரிலேயே கரைத்து, மண் போக இரண்டு தடவை வடிகட்டுங்கள். சுக்குப்பொடி 30 கிராம், ஏலக்காய் 15 கிராம், மிளகு 10 கிராம், மூன்றையும் நுணுக்கிப் போடுங்கள். 15 எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பு. புதிய மண்பானையில் ஊற்றி ஈரத்துணி சுற்றி வையுங்கள். உங்கள் கண்ணாடி ஜக்கில் ஊற்றி, எலுமிச்சை வில்லையும் புதினாவும் மிதக்கவிட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. படம் அழகாக வரும்.

வெல்லமும் சர்க்கரைதான், மறுக்கவில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பக்கத்தில் நீர்மோர் இருக்கட்டும். ஒரு லிட்டர் தயிருக்கு நாலு லிட்டர் தண்ணீர், இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம்.

குடிக்க வேண்டும் என்பவர்கள் பாட்டிலைப் பாட்டிலாகவே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல், உங்கள் டம்ளரில் நீங்களே அளந்து ஊற்றிக்கொள்ளுங்கள். மிச்சத்தை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள்.

நம் ஊர்க் கதை உங்களுக்குத் தெரியும். தேவர்கள் பிள்ளையாரைக் கும்பிடாமல் அமிர்தத்தைப் பங்கு போடப் பார்த்தார்கள். பிள்ளையார் குடத்தையே ஒளித்துவிட்டார். அந்தக் குடம்தான் லிங்கமாகி அமிர்தகடேசுவரராக நிற்கிறது என்பார்கள். குடத்தின் பெயரில் சாமி இருக்கிற ஊர் இது. இங்கே வந்து ஒரு பாத்திரத்தை எல்லோருக்கும் பொதுவாக நடுவில் வைத்தால், அதில் என்ன இருக்கிறது என்று யாரும் யோசிக்காமல் ஒரு குழந்தை மொண்டு குடிக்க முடிய வேண்டும்.

லீவுக்கு வாருங்கள். பானகம் நான் கரைத்து வைக்கிறேன். முதல் டம்ளர் அந்தப் பேத்திக்கு.

அன்புடன்,
உங்கள் அஞ்சாங்கிளாஸ் டீச்சர்