நின்னது தப்பா?

கம்ப்யூட்டர் திடீரென்று நீலத் திரை காட்டி நின்றால் நாம் என்ன செய்கிறோம்? "போச்சு, கெட்டுப் போச்சு!" என்று உடனே சுவிட்சை அமத்துகிறோம். அது பாவம். நம்மைக் காப்பாற்றத்தான் அது நின்றது என்பது என் கருத்து.

பரீட்சை ஹாலை நினைச்சுப் பாருங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு இடம், ஒரு நம்பர். அதுபோல ஒவ்வொரு புரோகிராமுக்கும் நினைவகத்தில் தனி இடம் உண்டு. இடம் பிரித்துக் கொடுக்கும் சூப்பர்வைசர்தான் கெர்னல். ஒரு புரோகிராம் தனக்கு உரிமை இல்லாத இடத்தைத் தொட்டால் பிராசஸர் உடனே கெர்னலிடம் சொல்லிவிடும். கெர்னல் அந்தப் புரோகிராமை மட்டும் வெளியே அனுப்பும். லினக்ஸில் இதற்கு 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று பெயர். சிக்னல் எண் 11. மற்றதெல்லாம் அது பாட்டுக்கு ஓடும்.

சூப்பர்வைசரே தடுமாறினால்? விண்டோஸ் மொத்தப் பரீட்சையையும் நிறுத்திவிடும். அதுதான் நீலத் திரை (விண்டோஸ் 11-இல் 2025-இல் கறுப்பாக்கினார்கள்). லினக்ஸ் 'ஊப்ஸ்' என்று குறிப்பு எழுதிவிட்டு முடிந்தால் தொடரும். முடியாவிட்டால் 'பேனிக்' என்று நின்றுவிடும்.

2024 ஜூலை 19 அன்று என்ன நடந்தது? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு அப்டேட் வந்தது. 20 விவரம் மட்டும் இருந்த இடத்தில் அந்த மென்பொருள் 21-ஆவதைப் படிக்கப் போனது. அது கெர்னலுக்குள் ஓடுவது. அதனால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நின்றன. விமானங்கள் ரத்தாயின, ஆஸ்பத்திரி வேலைகள் தடைபட்டன.

"நிற்காமல் ஓடியிருக்கலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். கெர்னலுக்குள் தப்பு நடந்த பிறகும் ஓடினால், தப்பான விவரம் ஃபைலில் ஏறிவிடலாம். நின்ற கம்ப்யூட்டரைத் திரும்ப ஓட வைக்கலாம். மாறிப்போன மார்க்கையோ, மருந்து அளவையோ யார் கண்டுபிடிப்பது?

எனக்கு ஒரே குறை, அது சொல்லும் விதம்தான். 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா' என்றால் நம்மில் யாருக்குப் புரியும்? "நினைவகத்தில் இல்லாத இடத்தைப் படிக்கப் போனதால் நிறுத்தினேன்" என்று தமிழில் ஒரு வரி சேர்த்தால் என்ன?

அதுவரை நாம் ஒன்று செய்யலாம். அமத்துவதற்கு முன்னால் திரையில் உள்ள பெயரையும் எண்ணையும் நோட்டில் எழுதி வைப்போம். ரிப்பேர் செய்பவருக்கு அதுதான் முதல் துப்பு. என்ன சொல்றீங்க?