விழுந்ததைவிடப் பெரிய பிழை

கடந்த மார்கழியில் நடந்த சிறு நிகழ்ச்சி ஒன்றை இம்மலரில் எழுதலாமா, வேண்டாமா என்று பல நாள் தயங்கினேன். என் குற்றத்தை நானே ஊருக்குச் சொல்வதாகுமே என்ற அச்சம்தான் காரணம். ஆயினும், அன்று உடனிருந்த தோழியே "எழுதுடி, நாலு பேருக்கு உதவட்டும்" என்று சொன்ன பிறகு தயக்கம் நீங்கியது.

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள், தோழியர் நால்வர் காதர்பேட்டைக்குப் புறப்பட்டோம். ஏற்றுமதியில் கழிந்த ஆடைகள் மலிவாகக் கிடைக்கும் அக்கடைவீதியை நம் ஊராருக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பனிக்காலத்துக்கு ஆளுக்கொரு முழுக்கைச் சட்டை வாங்குவதே நோக்கம். இருவர் பேருந்தில் வந்தனர். நானும் மற்றொருத்தியும் அவள் அண்ணனின் ஸ்கூட்டரில் சென்றோம். அவளுக்கு வயது 16. உரிமம் இல்லை. இருவர் தலையிலும் தலைக்கவசமும் இல்லை.

வாங்கிய பைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு திரும்பும்போது, ஒரு சந்து முனையில் எங்கள் வண்டி எதிரே வந்த மொபெட்டில் இடித்தது. அதில் பனியன் கட்டுகளை ஏற்றி வந்த பெரியவர் கீழே விழுந்தார். ஒரு கட்டு அவிழ்ந்து சாக்கடை ஓரத்தில் சிதறியது. அவர் முழங்கையில் சிராய்ப்பு, இரத்தம்.

அந்த நொடியில் என் வாயிலிருந்து வந்த சொல் என்ன தெரியுமா? "எடுடி, போயிடலாம்!" இன்று நினைத்தாலும் கூசுகிறது. ஓட்டியவள் அவள், ஓடச் சொன்னவள் நான். நல்ல வேளையாக அவள் கைகள் நடுங்கி, வண்டியைக் கிளப்ப முடியவில்லை. அதற்குள் அப்பெரியவர் எழுந்து வந்து கேட்டார்: "அடி கிடி பட்டுதுங்களா அம்மிணி?"

எங்களைத் திட்டியிருந்தால்கூட ஓடியிருப்போம். அந்தக் கேள்வி எங்களை நிறுத்திவிட்டது. கட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தோம். அருகிலிருந்த மருந்துக் கடையில் காயத்துக்குக் கட்டுப் போட்டோம். ஏழு பனியன்கள் சேறாகியிருந்தன. கையிலிருந்த பணத்தை நீட்டினோம். "தொவச்சா போயிரும், வெச்சுக்குங்க" என்று மறுத்துவிட்டார். அந்தச் சேதத்துக்கு யாரிடம் அவர் பதில் சொன்னாரோ, யாமறியோம்.

கதை அங்கே முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. வண்டியின் முன்பக்கம் கீறல் விழுந்திருந்தது. "நிறுத்தியிருந்தபோது யாரோ இடித்துவிட்டார்கள்" என்று வீட்டில் சொல்வதென நால்வரும் பேசி வைத்துக்கொண்டோம். ஒரு வாரம் அந்தப் பொய் எங்களைத் தூங்கவிடவில்லை.

என் தாயார் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறார். ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, தையல் விட்டதோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் தனியே வைப்பார். "சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்வோம், முடியாதது செகண்ட்ஸாகப் போகும். பிழை வருவது சகஜம். அதை மடித்து உள்ளே வைத்து அனுப்பினால்தான் மொத்த ஆர்டருக்கும் கெடுதல்" என்று ஓர் இரவு தம் வேலையைப் பற்றிச் சொன்னார். எனக்காகச் சொன்னதன்று. ஆனால் எனக்கே சொன்னது போலிருந்தது. அன்றிரவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறுநாள் என் தோழியும் தன் வீட்டில் சொன்னாள். திட்டு கிடைத்தது, தூக்கமும் கிடைத்தது.

தோழியரே! சட்டத்தையும் சற்று அறிவோம். கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியைத் தவிர வேறெதையும் 18 வயது நிரம்பாமல் ஓட்டக்கூடாது. இன்று வீடுகளில் நிற்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேற்பட்டவை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். ஓட்டியவருக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும் ஓட்டியவரின் கடமையே. நான் "போயிடலாம்" என்றது எவ்வளவு பெரிய தவறு!

பெற்றோரே! உங்கள் சிரமம் எங்களுக்குத் தெரியாததன்று. ஷிப்டுக்கு ஓடும் உங்களால் எங்களை டியூஷனுக்குக் கொண்டுவிட இயலாது. அதனால்தான் சாவியைத் தருகிறீர்கள். ஆனால் மேல்நிலை மாணவியருக்கு அரசு தரும் சைக்கிள் பல வீடுகளில் துருப்பிடிக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அரைமணி தாமதமாக வரும் மகள் மேலானவள் அல்லவா? இன்னொரு வேண்டுகோள்: பிள்ளைகள் உண்மையைச் சொல்ல வரும்போது, முதலில் அந்தப் பெரியவரைப் போலக் கேளுங்கள்: "அடிபட்டதா?" என்று. திட்டுவதற்குப் பிறகு நேரம் இருக்கிறது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. கைதவறி விழுவது எவர்க்கும் நேரும். நின்று, உதவி, உண்மையைச் சொல்வதற்கு மட்டும் நாம்தான் துணிய வேண்டும். அந்த முழுக்கைச் சட்டையை அணியும்போதெல்லாம் சேறான ஏழு பனியன்கள் என் நினைவுக்கு வருகின்றன. வரட்டும், அது எனக்கு நல்லதே.

— மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவி