சேவைன்னு மட்டும் சொல்லிராதட்டி!

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. ஆபீஸ்ல ரிலீஸ். வீட்டுல இருந்து வேலைங்கறதால தென்காசியிலதான் இருக்கேன். வெளியில சாரல் பிச்சு உதறுது, ஐந்தருவியில தண்ணி கொட்டுது, நான் மட்டும் ஹெட்போன மாட்டிக்கிட்டு 'கேன் யூ ஹியர் மீ'ன்னு கத்திக்கிட்டு இருக்கேன். சரி, என் புலம்பல் கிடக்கட்டும். போன ஞாயித்துக்கிழமை நடந்த ஒரு விஷயம் மண்டையில ஏறி உட்கார்ந்துக்கிட்டு இறங்கவே மாட்டேங்குது. எழுதித் தொலைச்சாத்தான் தூக்கம் வரும்.

குற்றாலத்துல எங்க சித்தி வீடு. சித்தி பொண்ணு இந்த வருஷம் ப்ளஸ் டூ முடிச்சிருக்கா. பி.எஸ்சி நர்சிங்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. கவுன்சிலிங்குக்கு அப்ளிகேஷன் போட்டாச்சு. அதுபோக நேர்முகம் வச்சு ஆளெடுக்கிற ஒரு பேர்பெற்ற காலேஜுக்கும் போட்டிருக்கா (பேர் வேண்டாம்). அங்கேயிருந்து இன்டர்வியூவுக்கு வரச்சொல்லிட்டாங்க.

"அண்ணே, நீ நெறய இன்டர்வியூ பார்த்தவன்தானே, என்னைக் கொஞ்சம் கேள்வி கேளேன்"னா. நெறய இன்டர்வியூ பார்த்ததும் உண்மை, நெறயவற்றுல ஊத்திக்கிட்டதும் உண்மை :-) சரின்னு வண்டிய எடுத்துக்கிட்டுப் போனேன்.

கையில ஒரு ஜெராக்ஸ் நோட்டு வச்சிருந்தா. ஏதோ ஒரு கோச்சிங் சென்டர்ல காசு வாங்கிக்கிட்டுக் கொடுத்தது. முப்பத்தெட்டு கேள்வி, முப்பத்தெட்டு பதில். முதல் கேள்வி, 'ஏன் நர்சிங் தேர்ந்தெடுத்தீர்கள்?' பதில்: 'சிறு வயது முதலே ஏழை எளியோருக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் கனவு. அன்னை தெரசாவும் கைவிளக்கேந்திய காரிகையும் என் முன்மாதிரிகள்.' உங்கள் பலவீனம் என்னன்னு இன்னொரு கேள்வி. அதுக்குப் பதில், 'அடுத்தவர் துன்பத்தைக் கண்டால் என்னால் தாங்க முடியாது.'

ஏங்க, தாங்க முடியாதுன்னா அப்புறம் எதுக்குய்யா நர்சிங்? ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தா இவளை யார் பார்ப்பா?

நோட்ட மூடி வச்சுட்டு, "நெசமாச் சொல்லு, எதுக்கு உனக்கு நர்சிங்?"னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னா. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஆச்சிய பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தப்போ இவதான் கூட இருந்தா. ஒரு ராத்திரி டூட்டி நர்ஸ் வந்து, "பாட்டி காலையிலேர்ந்து எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனாங்க?"ன்னு கேட்டிருக்காங்க. இவளுக்குத் தெரியல. சித்திக்கும் தெரியல. அந்த நர்ஸ் சார்ட்டைப் புரட்டி, ஏத்தின தண்ணியையும் வெளியே போன தண்ணியையும் கூட்டிக் கழிச்சுப் பார்த்துட்டு, நேரா டாக்டரைக் கூப்பிட்டிருக்காங்க. கிட்னி மக்கர் பண்ண ஆரம்பிச்சிருந்தது அப்பத்தான் தெரிஞ்சிருக்கு. ஆச்சி இன்னைக்கும் திண்ணையில உட்கார்ந்து வெத்தல இடிச்சிக்கிட்டு இருக்கு.

"அந்தக்கா அழல, சிரிக்கல, கையப் பிடிச்சு ஆறுதலும் சொல்லல. கணக்குப் போட்டுச்சு அண்ணே. எனக்கு அது மாதிரி ஆகணும்"னா. கொஞ்சம் தயங்கிட்டு, "அப்புறம்... எனக்குன்னு ஒரு சம்பளம் வேணும். ஆனா சம்பளம்னு சொன்னா எடுக்க மாட்டாங்களாம், நோட்டுல போட்டிருக்கு"ன்னா.

இங்கதான் எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு.

மக்களே, நானும் இன்ஜினியரிங் படிச்சவன். கிண்டிக்குக் கவுன்சிலிங் போய், படிச்சு முடிச்சு, கேம்பஸ்ல உட்கார்ந்தவன். என் வீக்னஸ் என்னன்னு கேட்டப்போ 'எல்லாத்தையும் ரொம்ப கச்சிதமா செய்யணும்னு நினைப்பேன்'னு கூசாம பொய் சொன்னவன். எத்தனையோ கேள்வி கேட்டாங்க. ஆனா ஒரு மனுஷன்கூட 'உனக்குச் சேவை மனப்பான்மை இருக்கா தம்பி?'ன்னு கேக்கல. 'சம்பளம் கம்மின்னாலும் கோடு மேல இருக்கிற பாசத்துல வேலை பார்ப்பியா?'ன்னும் கேக்கல. எவ்வளவு எதிர்பார்க்கிறேன்னுதான் கேட்டாங்க. நான் தப்பா ஒரு செமிகோலன் போட்டா ஒரு வெப்சைட் படுக்கும். அவ தப்பா ஒரு புள்ளி போட்டா, 0.5 மில்லி ஊசி 5 மில்லி ஆகிடும். ஆனா காசப்பத்தி வாயத் திறக்கக் கூடாதது மட்டும் அவ!

சேவைங்கற சொல்லு மேல எனக்குக் கோவமில்ல. அந்தச் சொல்ல வச்சுப் பண்ற வேலை மேலதான் கோவம். 2015-ல தமிழ்நாட்டுல மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு வச்சு ஆயிரக்கணக்கான நர்ஸ்களை எடுத்துச்சு. தொகுப்பூதியம் எவ்வளவு தெரியுமா? மாசம் 7,700 ரூபாய். படிச்சு, பதிவு பண்ணி, பரீட்சை எழுதி ஜெயிச்சு வந்தவங்களுக்கு! 2017 நவம்பர்ல சென்னை டி.எம்.எஸ். வளாகத்துல அவங்க உட்கார்ந்து போராடினப்போ முதல்ல வந்த கேள்வி என்ன? 'நோயாளிங்கள விட்டுட்டு வந்து உட்காரலாமா? இது சேவை இல்லையா?' அந்தச் சம்பளம் பிறகு ஏறிச்சுதான், ஆனா அது ரோட்டுக்கு வந்து கேட்டதுக்கப்புறம்.

கொரோனா காலத்தை மறந்திருக்க மாட்டீங்க. 2020 மார்ச் 22 சாயங்காலம் நாடே தட்டத் தட்டிச்சு, ஏப்ரல் 5 ராத்திரி 9 மணிக்கு விளக்கேத்திச்சு. அப்ப அவசரத்துக்கு எடுத்த ஒப்பந்த நர்ஸ்களுக்கு 2022 டிசம்பர் 31-ஓட ஒப்பந்தம் முடிஞ்சதுன்னு சொல்லிட்டாங்க. மாவட்ட சுகாதாரச் சங்கங்கள் வழியா வேற வேலை தர்றோம்னு அரசு சொன்னதையும் சேர்த்தே சொல்லிடறேன், இல்லாட்டி ஒருதலைப்பட்சம்பீங்க. ஆனா தட்டு தட்டின சத்தத்தை வச்சு யாரும் வாடகை கட்ட முடியாது.

தனியார் பக்கம்? 2016 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொல்லி ஒரு குழு போட்டாங்க. 200 படுக்கைக்கு மேல உள்ள ஆஸ்பத்திரியில அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம், 50 படுக்கைக்குக் கீழ இருந்தாலும் 20,000-க்குக் குறையக்கூடாதுன்னு குழு சொல்லுச்சு. நம்ம புளியரைய தாண்டினா கேரளா. அங்க நர்ஸ்கள் சங்கம் கட்டிப் போராடி, 2018 ஏப்ரல்ல குறைஞ்சபட்சம் 20,000-ன்னு அரசாணையே வாங்கிட்டாங்க. செங்கோட்டையிலேர்ந்து ஆரியங்காவு எத்தனை கிலோமீட்டர்? மலைக்கு அந்தப் பக்கம் அது தொழில், இந்தப் பக்கம் மட்டும் சேவையா?

அடுத்து, கைவிளக்கேந்திய காரிகை. அந்த அம்மாவ விளக்கோட நிறுத்தினதே பெரிய அநியாயம். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் கிரிமியப் போருக்குப் போய் என்ன பண்ணினாங்க? சாவுக் கணக்கு எடுத்தாங்க. சண்டையில பட்ட காயத்தைவிட, ஆஸ்பத்திரி அழுக்குல வந்த நோய்தான் அதிகம் பேரைக் கொல்லுதுன்னு வட்டமா ஒரு படம் போட்டு அரசாங்கத்துக்குக் காட்டினாங்க. இன்னைக்கு நாங்க டேட்டா விஷுவலைசேஷன்னு பீத்திக்கிறோமே, அதுக்கு அவங்க பாட்டி. லண்டன் புள்ளியியல் சங்கம் 1858-ல உறுப்பினராச் சேர்த்துக்கிட்ட முதல் பெண். நம்ம பாடப்புத்தகம் விளக்க மட்டும் கையில கொடுத்துட்டு, கணக்குப் புத்தகத்தைப் பிடுங்கிக்கிச்சு. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி அக்கா செஞ்சது, நைட்டிங்கேல் செஞ்ச அதே வேலைதான். அதை அந்த ஜெராக்ஸ் நோட்டுல எங்கேயும் காணோம்.

ஊர்ல இன்னொரு கோஷ்டி இருக்கு. சித்தி வீட்டுக்குப் பக்கத்து வீட்டு மாமா நான் இருக்கும்போதே வந்தார். "என்னவே, பிள்ளைய நர்சுக்கா விடுதிய? பீ மூத்திரம் அள்ளுத வேலை, ராத்திரி டூட்டி வேற. நாளைக்கு எவன் கட்டுவான்?"ன்னார். கொரோனா அப்போ தெருவுலயே பெரிய தட்டா எடுத்துத் தட்டினது இதே மாமாதான்! நான் ஒண்ணும் சொல்லல, பெரியவர். சித்தப்பாதான் மெதுவா, "எங்கம்மாவுக்கு அள்ளினது ஒரு நர்சுதான் மாப்ள. நாம யாரும் அள்ளலியே"ன்னார். மாமா காப்பிய குடிச்சிட்டுக் கிளம்பிட்டார்.

கவனிச்சீங்களா, மாமாவும் கோச்சிங் நோட்டும் சொல்றது ஒண்ணுதான். கேவலமான வேலைன்னு ஒருத்தர் கீழ தள்றார், தெய்வீக வேலைன்னு இன்னொருத்தர் மேல தூக்கறார். படிச்சு, பழகி, பரீட்சை எழுதிக் கத்துக்கிற தொழில்னு மட்டும் ரெண்டு பேருமே ஒத்துக்க மாட்டாங்க. சாமிக்குச் சம்பளம் யார் கொடுப்பா? சுண்டல்தான்.

'அப்ப இரக்கமே வேண்டாமா? நேர்முகம் வைக்கிறதே மனசப் பார்க்கத்தானே?'ன்னு நீங்க கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஐடா ஸ்கடர் 1909-ல வேலூர்ல நர்ஸ் பயிற்சி ஆரம்பிச்சாங்க. 1946-ல அங்க வந்தது நாட்டோட முதல் நர்சிங் பட்டப்படிப்புகள்ல ஒண்ணு. அந்தப் பரம்பரை அக்கறையில வளர்ந்ததுதான், மறுக்கல. அக்கறை கண்டிப்பா வேணும். ஆனா அக்கறைங்கறது ஆச்சிக்கு மூத்திரம் போகலைங்கறத கவனிக்கிறது. மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற சேவையில அது இருக்காது. ஒரே ஜெராக்ஸ் பதிலை நூறு பிள்ளைங்க ஒப்பிச்சா, எதிரே உட்கார்ந்திருக்கிறவங்க எந்த மனசைப் பார்ப்பாங்க?

தமிழ்நாட்டு அரசு கவுன்சிலிங் எனக்குப் பிடிக்கிறது இதனாலதான். இயற்பியல், வேதியியல், உயிரியல் மார்க்கைப் பார்த்து ரேங்க். நேர்முகம் கிடையாது. 'உங்கப்பா என்ன பண்றார்?'னு யாரும் கேக்கறதில்ல. சாம்பவர்வடகரையில தமிழ் மீடியம் படிச்ச பொண்ணு, இங்கிலீஷ்ல நாக்கு சுத்தலைன்னு வெளியே போக வேண்டியதில்ல. 2023-ல வந்த தேசிய நர்சிங் ஆணையச் சட்டம் நாடு முழுக்கச் சேர்க்கைக்கு ஒரே சீரான முறைன்னு பேசுது. அந்தச் சீர்ல இந்தப் பொண்ணு அடிபட்டுப் போயிடக்கூடாது.

நேர்முகம் வச்சே தீருவோம்கிற இடங்களும் இருக்கு. ராணுவ நர்சிங்கையே எடுத்துக்கோங்க. பெண்களுக்கு மட்டும், ஆறு கல்லூரிகள்ல மொத்தம் 220 இடம். நீட் மார்க், அப்புறம் கம்ப்யூட்டர்ல பொது அறிவுத்திறனும் இங்கிலீஷும், மனநலச் சோதனை, நேர்முகம், உடல் தகுதின்னு வரிசையா வடிகட்டுவாங்க. படிச்சு முடிச்சா லெப்டினன்ட். தோள்ல ரெண்டு நட்சத்திரம், அதிகாரி சம்பளம். அதுக்கும் பேரு சேவைதான்! அங்க மட்டும் சேவையும் சம்பளமும் பக்கத்துப் பக்கத்துல சண்டை போடாம உட்கார்ந்திருக்கு.

அன்னைக்குச் சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் நோட்டைத் தூக்கி ஓரமா வச்சோம். அவளோட பதிலை அவளே எழுதினா. ஆச்சி கதை, சார்ட்டு, கணக்கு. அப்புறம் ஒரு வரி: 'இது என் தொழிலாக இருக்கணும், இதில் சம்பாதித்து என் சொந்தக் காலில் நிற்கணும்.' முதல் தடவை சொல்லும்போது குரல் நடுங்கிச்சு. நாலாவது தடவை நடுங்கல. இங்கிலீஷ்லயும் சொல்லிப் பார்த்தோம். இலக்கணம் கொஞ்சம் நொண்டிச்சு, விட்டுட்டேன்.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தா. "அண்ணே, இதனால எனக்கு சீட்டு கிடைக்காமப் போயிட்டா?"ன்னு கேட்டா. உண்மையச் சொன்னா எனக்கும் பயம்தான். சீட்டு அவளோடது, வாய்ச்சவடால் மட்டும்தான் என்னோடது. "போனா கவுன்சிலிங் இருக்கு. ஆனா முதல் நாளே பொய் சொல்லிட்டு உள்ள போனா, நாளைக்கு 7,700 கொடுக்கிறப்போ வாயத் திறக்க முடியாதுட்டி"ன்னேன். யோசிச்சுப் பார்த்துட்டுத் தலைய ஆட்டினா. அடுத்த வியாழக்கிழமை இன்டர்வியூ.

பதிவர்கள்ல நர்ஸ்கள் இருந்தா, நர்ஸ் வீட்டுக்காரங்க இருந்தா, நான் சொன்னதுல தப்பிருந்தா வந்து நல்லா நாலு சாத்து சாத்துங்க, வாங்கிக்கிறேன். 'பாவம் சின்னப் பொண்ணைக் கெடுக்கிறியே'ன்னு மட்டும் சொல்லாதீங்க. அவளுக்கு எல்லாம் தெளிவா இருக்கு. நமக்குத்தான் தெளியணும்.

பி.கு: அந்த ஜெராக்ஸ் நோட்டு இப்போ ஆச்சியோட வெத்தலைப் பெட்டிக்கு அடியில கிடக்கு. சுண்ணாம்பு துடைக்க வசதியா இருக்காம்.